தெரிந்தவர்களுக்கு ஒரு வீடு

திருச்சி, 3 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

விஷ்ணு எழுதுகிறேன். போனில் என் அழைப்பை நீங்கள் எடுப்பதில்லை, அதனால் கடிதம். காரைக்காலில் உங்கள் வீட்டுப் பக்கத்துப் பல்கலைக்கழக வளாகத்திலேயே எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஜூலையில் சேர வேண்டும். பக்கவாதம் வந்தபின் என் கணவருக்கு வலது கை, கால் வரவில்லை. மதியம் நான் வந்துதான் சோறு ஊட்ட வேண்டும். நடக்கிற தூரத்தில், படி இல்லாத வீடாக வேண்டும். கேட்ட இடமெல்லாம், “உள்ளூர்ல உங்களுக்கு யாரு இருக்காங்க?” என்கிறார்கள். உங்களை விட்டால் எனக்கு யார்? வளாகத்துக்கு எதிரே கைலாசநாதன் சார் வீடு காலியாம். ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தங்கை,
விஷ்ணு

காரைக்கால், 10 ஜூன்

திருமதி டென்னிஸுக்கு,

கைலாசநாதனைப் பார்த்தேன். வாசல் தரைமட்டம், சக்கர நாற்காலி போகும். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

வீடு தேடும்போது அண்ணன் நினைவு வந்ததில் மகிழ்ச்சி. நீ மாதா கோயிலில் மோதிரம் மாற்றிய வாரம், திருநள்ளாற்றுப் பெண் வீட்டார் என் தாம்பூலத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு எந்த வீட்டுக்கும் என் தட்டு போகவில்லை. நானே பொங்கி நானே தின்கிறேன். உடம்புக்குக் குறைவில்லை.

சிவநாதன்

திருச்சி, 17 ஜூன்

அண்ணா,

கைலாசநாதன் சாருக்கு நானே போன் செய்தேன். வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.

“சிவநாதன் சார் வந்தாரும்மா. அவங்க ஒங்களுக்கு என்ன வேணும் சார்னேன். ‘தெரிஞ்சவங்க’ன்னாரு. தெரிஞ்சவங்களுக்கெல்லாம் எப்படிம்மா வீடு குடுக்குறது? சொந்தம்னு சொல்லியிருந்தா சாவிய அவர் கையிலயே குடுத்துருப்பேனே.”

தங்கை என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையா? தட்டு திரும்பியதற்கு நான் அழாத நாள் இல்லை. அதற்கு இவர் மதியச் சோறா விலை?

விஷ்ணு

காரைக்கால், 21 ஜூன்

விஷ்ணுவுக்கு,

நான் பொய் சொல்லவில்லை. இருபது வருடமாக வாசல் மிதிக்காதவளை வேறு என்னவென்று சொல்வது? நீ வரவில்லையா, நான் விடவில்லையா என்று கேட்காதே.

இந்த வீட்டிலிருந்து வளாகத்தின் பின்வாசல் கூப்பிடு தூரம். நான் மாடிக்குப் போய்விடுகிறேன். கீழே நீங்கள் இருங்கள். வாடகை வேண்டாம். வாசலில் அவர் பெயர் வேண்டாம். யாராவது கேட்டால், குடியிருக்க வந்தவர்கள் என்று சொல்லிக்கொள். அண்ணன் வீடு என்று சொல்ல வேண்டாம். இந்தத் தெருவில் நான் இன்னும் தலை நிமிர்ந்து நடக்க வேண்டியிருக்கிறது.

கீழ் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

சிவநாதன்

காரைக்கால், 30 ஜூன்

மதிப்பிற்குரிய சிவநாதன் அவர்களுக்கு,

வீடு கிடைத்துவிட்டது. என்னோடு வேலைக்குச் சேரும் நௌஷின் இந்த ஊர்ப் பெண். போனில் பேசிப் பழகி பத்து நாள்தான். வீட்டுக்காரம்மா வழக்கம்போலக் கேட்டதும் முந்திக்கொண்டு, “எங்க அக்காங்க” என்றாள். அந்தம்மா எங்கள் இருவர் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். வாசலில் டென்னிஸ் பெயரைத்தான் முதலில் மாட்டினோம்.

உங்களுக்கு அடுத்த தெரு. நான் வேலைக்கு நடந்து போவது உங்கள் வாசல் வழியாகத்தான். யாரும் கேட்டால் கவலைப்பட வேண்டாம். நீங்கள் சொன்னதையே நானும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தெரிந்தவள்,
விஷ்ணுப்ரியா டென்னிஸ்