ஆளில்லாத பன்னிரண்டு அடுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

மிஹோகோ வணங்கி எழுதுவது. சாதோ தீவில் கடல்காற்று குளிரத் தொடங்கியிருக்குமே, முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

அப்பா போய் ஓராண்டு ஆகாததால், துக்க வீட்டுப் பெண் கோயில் விழாவில் ஆடக் கூடாது என்று என்னை நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பதில் கூடப் பயிலும் சயாகா ஆடுகிறாள். கவலைப்படாதீர்கள், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நேற்று பயிற்சிக்கூடத்தில் ஒரு வேடிக்கை. உடுத்திவிடுகிறவர்கள் பழகுவதற்காக அரசவை ஆட்டத்தின் பன்னிரண்டு அடுக்கு உடையை எனக்கு அணிவித்தார்கள். அத்தனையையும் ஒரே கயிறுதான் இடுப்பில் பிடித்திருக்கும்.

உடுத்திவிடும் ஹத்தோரி அக்கா அதை இறுக்கிக் கட்டிவிட்டு, "வலிக்குதாடி?" என்றார்.

"இல்லக்கா."

"எப்பக் கேட்டாலும் இல்லதான். மரக்கட்டையா நீ?"

கழற்றும்போது கயிற்றை அவிழ்த்ததும் நான் மட்டும் நழுவி வெளியே வந்தேன். உடை, சிள்வண்டு விட்டுப்போன கூடுபோல, உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தது. கண்ணாடி போடாத அக்கா திரும்பி வந்து, அதன் தோளைத் தொட்டு, "அப்பா நெனப்பா? அழணும்னா அழுதுரு கண்ணு" என்றார்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்னால் நின்ற நானும் சிரித்தேன்.

வீட்டு மிசோ விழுது கொஞ்சம் அனுப்புங்கள், இங்குள்ளது தித்திக்கிறது. கம்பளிக் காலுறையும் வேண்டும். அப்பா படகுக்குப் போட்டுப் போகும் பழுப்பு ஸ்வெட்டரையும் சேர்த்துக் கட்டுங்கள். துவைத்துவிட்டீர்களென்றால் வேண்டாம்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

மிஹோகோ