பள்ளம் காட்டும் கை

12.1.2025, ஞாயிறு

வாலாஜாபாத் வரை சைக்கிளில் போய் வந்தோம், நானும் ஜோயலும். அவன் முன்னால், நான் அவன் சக்கரத்தை ஒட்டிப் பின்னால். பின்னால் வருகிறவனுக்கு ரோடு தெரியாது, முதுகு மட்டும்தான் தெரியும். அதனால் முன்னால் போகிறவன் வலது கையைத் தாழ்த்திப் பள்ளத்தைக் காட்ட வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு போனாலும் காட்டித்தான் ஆக வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் இருக்கும் ஒரே சட்டம்.

திரும்பும்போது ஒரு கன்டெய்னர் லாரி எங்களை மண்ணில் இறக்கிவிட்டது. ஜோயல் கத்தினான். லாரிக்காரன் நிறுத்திவிட்டு இரும்புக் கம்பியோடு இறங்கினான்.

"இன்னாடா, ரோடு உங்கப்பனுதா?"

"இல்லண்ணா. உங்கப்பனுதுன்னு தெரியாம ஏறிட்டோம்" என்றான் ஜோயல்.

அதற்குப் பிறகு நாங்கள் மிதித்த மிதியை இதுவரை மிதித்ததில்லை. கம்பி பறந்து வந்து என் பின் டயருக்கு ஒரு அடி தள்ளி விழுந்தது. ஜோயல் சிரித்துக்கொண்டே ஓட்டினான். பைத்தியம்.

பிப்ரவரி 22, 23 இரண்டு நாளும் லீவு சொல்லியாயிற்று. பாலாற்றை ஒட்டியே மேலே போக வேண்டும். காஞ்சிபுரம், ஆற்காடு, வேலூர், ஆம்பூர், கடைசியில் ஏலகிரி மலை. பதினாலு வளைவு.

அம்மா: "ஞாயித்துக்கெழம பூசைக்கு வராதவன் மலைக்குப் போயி யாரைப் பாக்கப் போறான்?"

20.1.2025, திங்கள்

கம்பெனியில் நானும் ஜோயலும் ஓட்டுகிற பிரஸ், இரும்புத் தகட்டை அடித்து உருவாக்கும் இயந்திரம், பழையது. முன்னால் இரண்டு பச்சைப் பொத்தான். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாதென்று அப்படி வைத்தார்கள். அப்படி அழுத்தினால் மணிக்கு முன்னூறு பீஸ். சூப்பர்வைசர் நரசிம்மன் கேட்பது நானூற்றிருபது. ஆகவே ஒரு பொத்தானை அழுத்திய நிலையிலேயே கட்டிவிடுகிறோம். துணி நழுவுகிறது, டேப் அவிழ்கிறது. பஞ்சர் ஒட்டி ஒட்டித் தீர்ந்துபோன என் சைக்கிள் ட்யூபை விரல் அகலத்துக்கு வெட்டிக் கொண்டுபோனேன். நழுவவே இல்லை.

நரசிம்மன் பார்த்துச் சிரித்தார். "டென்னிசு, நீ என்ஜினியர் ஆயிருக்க வேண்டியவன்டா."

ஆடிட் வரும் அன்று மட்டும் அவிழ்க்கச் சொல்வார். இன்று காலை வாட்ஸப்பில் அவர் குரல்: "ட்யூப் துண்டு இன்னும் நாலு எடுத்துக்கினு வா. ரெண்டாவது லைனுக்கும் வேணும்."

எடுத்துப் போனேன். பெருமையாகத்தான் இருந்தது.

28.1.2025, செவ்வாய்

ஜோயல் கை.

வலது கை. நடுவில் மூணு விரல். கட்ட விரலும் சுண்டு விரலும் இருக்கு.

பீஸ் மாட்டிக்கொண்டது. வலது கையை உள்ளே விட்டு இழுத்தான். இடது கை பழக்கத்தில் தானாகப் போய் அழுத்திவிட்டது. மணிக்கு நானூற்றிருபது தடவை அழுத்துகிற கை அது, அதுக்கு இன்னா தெரியும்? வலது பொத்தான் ட்யூபில் கட்டிக் கிடக்கிறது. இறங்கிவிட்டது.

சத்தம் கொஞ்சமும் மாறவில்லை. இரும்பை அடிக்கும்போது வருகிற அதே சத்தம். அவன் கத்திய பிறகுதான் திரும்பினேன். கிளவுஸை நான்தான் எடுத்தேன். கனமாக இருந்தது.

நரசிம்மன் முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. பிளேடு எடுத்து ட்யூபை அறுத்து பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். நான் பார்த்தேன். அப்புறம்தான் போன்.

30.1.2025, வியாழன்

ஏசி அறை. காகிதம் ஏற்கெனவே அடித்து வைத்திருந்தது, என் வாக்குமூலம் என்று: ஜோயல் தன் சொந்த சைக்கிள் ட்யூபைக் கொண்டுவந்து, மேலதிகாரிகளுக்குத் தெரியாமல் பாதுகாப்புப் பொத்தானைக் கட்டினான், இதை நான் நேரில் பார்த்தேன்.

நரசிம்மன்: "கட்டுனத மேல கண்டுபுடிச்சிட்டாங்க, இனிமே மறைக்க முடியாது. உன் ட்யூபுன்னு எழுதட்டுமா, அவன் ட்யூபுன்னு எழுதட்டுமா? நீயே சொல்லு. அவன் கை இனிமே வரப்போறதில்ல. உன் பேரு ஏப்ரல் பர்மனென்ட் லிஸ்ட்ல கீது."

கையெழுத்துப் போட்டேன்.

31.1.2025

போட்டேன். வேறு இன்னா எழுதுறது.

2.2.2025, ஞாயிறு

ஜோயலை அவன் அக்கா வீட்டில் வைத்திருக்கிறார்கள். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். அசிங்கம். சாட்சி என்று என் பெயர் போட்ட நீக்கக் கடிதம் அவன் மடியில் கிடந்தது. கம்பெனி இயந்திரத்தைச் சேதப்படுத்தியதாக போலீசிலும் கொடுப்பார்களாம். அந்த வழக்கு ஏறினால் ஶ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எந்த கேட்டிலும் அவனை உள்ளே விடமாட்டார்கள்.

எழுந்து வந்து இடது கையால் அறைந்தான். பழக்கமில்லாத கை, கன்னத்தைத் தப்பிக் காதில் விழுந்தது. மறுபடி அறைந்தான். நான் தடுக்கவில்லை. மூன்றாவது அடிக்கு வலது கையைத் தூக்கிவிட்டு, மருந்துக் கட்டைப் பார்த்துவிட்டு, இறக்கினான்.

"அந்தத் துண்டுல ஒட்டு இருந்துச்சுடா. நீ ஒட்டுன ஒட்டு. எனக்குத் தெரியாதா?"

ஆப்பிள் பையைக் கீழே வைத்தேன்.

"போ. ஏலகிரிக்குப் போ. பர்மனென்டாப் போய்டு."

22.2.2025, சனி. வேலூர்

தனியாக வந்தேன். வீட்டில் இருந்தால் யாரையாவது அடித்துவிடுவேன் போலிருந்தது.

பள்ளம் காட்ட ஆளில்லை. காஞ்சிபுரம் தாண்டி இரண்டு முறை சக்கரம் இறங்கி முதுகெலும்பு வரை இடித்தது. ஆற்காட்டில் இடிந்த கோட்டைவாசல் பக்கத்தில் டீ குடித்தேன். நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச தூரத்தில் ஒரு லாரியின் தார்ப்பாய்க் கயிறு தோளில் மாட்டி என்னைப் பத்தடி இழுத்துப் போட்டது. முழங்கையில் தோல் இல்லை. லாரிக்காரனுக்கு நான் விழுந்ததே தெரியாது. தெரிந்தாலும் நிறுத்தமாட்டான், அவனுக்கும் எவனோ ஒருவன் நானூற்றிருபது சொல்லியிருப்பான்.

ஆறு முழுக்க மணல், ஒரு ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர். இரண்டு பக்கமும் மலை வர ஆரம்பித்துவிட்டது.

சாயங்காலம் வேலூர்க் கோட்டை. சிப்பாய்கள் கிளம்பி வெள்ளைக்காரனை அடித்த இடம். பிறகு அவர்களைச் சுவரோரமாக நிற்கவைத்துச் சுட்டிருக்கிறார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதெல்லாம் வரலாற்றில் இருக்கிறது. எவன் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தப்பித்தான் என்பது எந்தப் பலகையிலும் இல்லை.

23.2.2025, ஞாயிறு

ஆம்பூரில் தோல் நாற்றம், வாணியம்பாடியில் வெயில். மலை ஏறியதைப் பற்றி எழுத எதுவுமில்லை. ஏறினேன், ஏழாவது வளைவில் வாந்தி எடுத்தேன், மறுபடி ஏறினேன்.

இறங்கும்போது வலது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து மார்போடு வைத்துக்கொண்டேன். இனி அவன் இப்படித்தானே ஓட்ட முடியும்? முன் பிரேக் வலது கையில். இடது கையில் பின் பிரேக் மட்டும். இரண்டு வளைவு தாண்டினேன். மூன்றாவதில் பஸ் மேலே ஏறி வந்தது. இடது கையால் இறுக்கினேன். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது, வண்டி நிற்கவில்லை. தடுப்புச் சுவரில் முட்டியும் தாடையும் மோதின. ஒரு பல் உடைந்தது. கண்டக்டர் இறங்கி வந்து தூக்கினார்.

"ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு? புடிச்சா இன்னா?"

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். வலி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

25.2.2025, செவ்வாய்

தொழிற்சாலை ஆய்வாளர் முன்னால் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். ட்யூப் என்னுடையது. கட்டாத பிரஸ் ஒன்றுகூட இல்லை. நான் முன்பு போட்ட கையெழுத்து பொய். நரசிம்மனின் வாட்ஸப் குரலைப் போட்டுக் காட்டினேன். ஆய்வாளர் அதை மூன்று முறை போட்டுக் கேட்டார்.

"இதனால உங்க மேலயும் நடவடிக்கை வரலாம். தெரியுமா தம்பி?"

தெரியும் சார்.

28.2.2025, வெள்ளி

வடக்குப்பட்டு திருப்பத்தில் ஒரு வேன் குறுக்கே வந்து நின்றது. மூணு பேர், ஒருத்தனும் ஹெல்மெட்ட கழட்டல. முதல் அடி முதுகில், கட்டை. விழுந்ததும் வயிற்றில் மிதித்தார்கள். ஒருவன் கையைக் கடித்துவிட்டேன், அவன் ரத்தம் உப்பாக வாயில் இருந்தது. கடிபட்டவன் என் கையை ரோட்டில் வைத்து ஷூவால் தேய்த்தான்.

"உனக்கும் மூணு எடுக்கட்டுமா?"

எடுக்கவில்லை. சைக்கிளை நடு ரோட்டில் போட்டு வேனை முன்னும் பின்னும் ஏற்றினார்கள். ஃபிரேம் முறிகிற சத்தம் பிரஸ் சத்தம் மாதிரியே இருந்தது.

அம்மா மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டே அழுதாள், திட்டினாள். "பூசைக்கு வராதவன், ஃபாதர்கிட்ட சொல்ற பாவசங்கீர்த்தனத்த மட்டும் இன்ஸ்பெக்டர்கிட்ட பண்ணிட்டு வந்துக்கீறான்."

12.3.2025, புதன்

எனக்கு வேலை போயிற்று. ஜோயலின் நீக்கக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், போலீஸ் புகாரும் இல்லை. பிரஸ்களில் பொத்தானைக் கட்ட முடியாதபடி மாற்றச் சொல்லி உத்தரவாம். நரசிம்மனை வேறு பிளான்ட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கேயும் பிரஸ் இருக்கும்.

ஜோயல் போனை எடுக்கவில்லை.

16.3.2025, ஞாயிறு

ஜோயலின் அக்காவிடம் சொல்லி அவன் சைக்கிளை வாலாஜாபாத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். முனிரத்தினம் அண்ணன் சைக்கிள் கடை. கால் ஊனமானவர்களின் மூன்று சக்கர வண்டியில் வருகிற பிரேக் பிடி ஒன்று வைத்திருந்தார், ஒரே பிடியில் இரண்டு கேபிள் மாட்டலாம். அதை இடது பக்கம் வைத்து, முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் அதிலேயே இழுத்துக் கட்டினார்.

மதியம் ஜோயல் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினான். நான் இருப்பேன் என்று அக்கா சொல்லியிருக்கமாட்டாள் போல. என்னைப் பார்த்தான். உடைந்த பல்லைப் பார்த்தான். உட்கார்ந்து தெருமுனை வரை ஓட்டினான், இடது கையால் ஒரு இறுக்கு. நின்றது.

"எப்படி கீது?" என்றார் முனிரத்தினம்.

"நிக்குது."

திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டான். நான் முனிரத்தினத்தின் கேரியர் வைத்த பழைய சைக்கிளைக் கேட்டு வாங்கி, பின்னால் மிதித்தேன். பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போதுதான் அவன் சக்கரத்தை எட்டிப் பிடித்தேன். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது.

பாதிப் பாலத்தில் அவன் வலது கை கீழே இறங்கியது. சுண்டு விரல் மட்டும் ரோட்டைக் காட்டியது.

பள்ளம் இருந்தது. விலகினேன்.