ஒரு வாய்த் தண்ணீர்

மைசூர்
13-2-1975

அன்புள்ள மச்சான் ஆறுமுகசாமி அவர்களுக்கு வேலாயுதம் வணக்கத்துடன் எழுதுவது. நலம் என்று தொடங்கக் கை வரவில்லை. உங்கள் தங்கை வடிவு பெரியாஸ்பத்திரியில் இருக்கிறாள். வயிற்றில் ஆபரேஷன் ஆகிவிட்டது. இதைத் தனியாகப் படியுங்கள், அத்தை காதில் விழ வேண்டாம்.

திங்கட்கிழமை தேவராஜ மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மல்லம்மா ஓடி வந்து கூப்பிட்டார். வீட்டில் வடிவு சுருண்டு கிடந்தாள். வயிறு உப்பி, பச்சைப் பச்சையாக வாந்தி. "வாயுதானுங்க, கசாயம் குடிச்சா எறங்கிரும்" என்றாள். மல்லம்மா கேட்கவில்லை. ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

சிறுகுடல் முறுக்கிக்கொண்டதாம். ரத்தம் போகாமல் ஒரு பகுதி கறுத்துவிட்டது. அதை வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். இனி எப்படிச் சாப்பிடுவாள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். இரைப்பை சோற்றைக் கூழாக்கி அனுப்பும், அதன் சத்தை ரத்தத்தில் சேர்ப்பது சிறுகுடல், அது இருபது அடி நீளம், எடுத்தது கொஞ்சம்தான், மிச்சமே போதும் என்றார். "ஆனா குடல் இப்ப அசையல. எப்பவும் அதுவே நெளிஞ்சு நெளிஞ்சு சாப்பாட்டைத் தள்ளிட்டுப் போகும். திரும்ப அசையற வரைக்கும் சொட்டுத் தண்ணிகூடக் கூடாது."

அதுதான் மச்சான் என்னைக் கொல்கிறது. ஊசி வழியே உப்புத் தண்ணீர் ஏறுகிறது, மூக்கில் குழாய். உதடு வெடித்துவிட்டது. நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வாய்த் தண்ணி குடுங்க மாமா. தாகத்தோடயே என்னை அனுப்பிப்போடாதீங்க" என்றாள். என்னையறியாமல் கூஜாவை எடுத்துவிட்டேன். நர்ஸ் சித்தம்மா, "நீரு கொடபேடி!", தண்ணீர் கொடுக்காதீர்கள் என்று கன்னடத்தில் கத்திப் பிடுங்கிக்கொண்டார். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தேன். வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்படியே போய்விட்டால், நான் மறுத்ததுதானே கடைசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றேன்.

டாக்டரம்மா வயிற்றில் குழல் வைத்துக் கேட்கிறார். சத்தமில்லை என்று தலையாட்டுகிறார். குடல் அசைந்தால் வாயு பிரியுமாம், பிரிந்ததா என்று சித்தம்மா ஓயாமல் கேட்கிறார். ஊரில் அந்தப் பேச்சை எடுத்தாலே சிரிப்போம். இங்கே அதற்காகச் சாமியை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று இத்துடன் நிறுத்தியிருந்தேன். இன்று காலை டாக்டரம்மா வயிற்றில் வைத்த குழலை எடுக்கவே இல்லை. "கடமுடாங்குது, கேக்குது" என்று சிரித்தார். மத்தியானம் வாயுவும் பிரிந்தது. வடிவு வெட்கத்தில் சேலையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். சித்தம்மாதான் ஊட்டினார். வாந்தி வரவில்லை.

ஆனாலும் குடலில் போட்ட தையல் பிடித்துவிட்டது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. சில நாள் போகவேண்டுமாம். சாயங்காலம் உடம்பு சுட்டது. லேசான காய்ச்சல்தான் என்கிறார்கள். ஆனால் சித்தம்மா வந்து வந்து வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்.

கடிதம் கிடைத்ததும் முதல் பஸ்ஸுக்குப் புறப்படுங்கள். உங்களிடம் விட்டிருக்கும் எங்கள் மகள் செல்லக்கண்ணுவையும் கூட்டி வாருங்கள். பள்ளிக்கூடம் போனால் போகட்டும். அவளுக்கு எதுவும் சொல்ல வேண்டாம். தலை பின்னி, அந்தச் சிவப்புப் பாவாடையைக் கட்டிவிட்டுக் கூட்டி வாருங்கள் மச்சான். வடிவு கண் நிறையப் பார்க்கட்டும்.

மாதேஸ்வரசாமியை நம்பியிருக்கும்,
வேலாயுதம்