ஆறு இதழ்ப் புதர்

நாள் 39. காலை 7.10
நெடுவரை மலை, ஆறாவது கூடாரம். வெளியே மைனஸ் 31. நேற்றைய பனிச்சரிவில் என் வண்டி புதைந்துவிட்டது. காற்றுத் தொட்டி ஏழு நாளுக்குத் தாங்கும். நான் நலம்.

புதர் முழங்கால் உயரம். இலைகள் எதிரெதிராக. இதழ் ஆறு, வெளிர் மஞ்சள். மகரந்தப்பை அடிப்பக்கம் திறக்கிறது. இந்தக் கோளில் பதிவான எந்தப் பேரினத்திலும் அப்படி இல்லை. ஆகவே இது புதுப் பேரினம். காய் இன்னும் பிஞ்சு. அது பழுத்தால்தான் விளக்கம் முழுமையாகும். ஒரு கிளையை உள்ளே கொண்டுவந்து தண்ணீரில் வைத்தேன்.

நாள் 40. மாலை 4.25
விளக்கத்தை அடிவார நிலையத்துக்கு அனுப்பினேன். நான் வைத்த பெயர் நெடுவரையா. ஆள் பெயர் வைப்பதென்றால் இறந்தவர் பெயரைத்தான் வைக்கலாம் என்பது பதிவக விதி. மேலதிகாரிகளுக்குக் காக்கா பிடிக்கவே பூக்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த விதிக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

நிலையத்திலிருந்து சேவியர்: "அக்கா, மீட்பு வண்டி கிளம்பிருச்சு. நாலு நாள்ல வந்துரும். நீங்க பாட்டுக்குச் செடியப் பாருங்க."

நாள் 42. காலை 6.50
ஹீட்டர் நின்றுவிட்டது. விரல் நுனிகளில் உணர்ச்சி இல்லை.

சேவியர்: "வண்டி பாதி தூரம் வந்தாச்சுக்கா. சாப்ட்டீங்களா?"
சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

நாள் 43. பகல் 1.15
பதிவகத்திலிருந்து செய்தி. விளக்கம் எழுதியவருக்கு ஒரு நகல் தானாக வரும். அதை நிறுத்த மறந்துவிட்டார்கள்.

"புதிய பேரினம் ஏற்கப்பட்டது. இதழ்: 5. பெயர்: தவமணியா. முன்மொழிந்தவர்: சேவியர். யார் நினைவாக: முனைவர் தவமணி. மறைவு: நாள் 46."

தவமணி நான்தான்.

மூன்று முறை படித்தேன். நாள் 46, என் காற்று தீரும் நாள். வண்டி கிளம்பவே இல்லை. பயமாக இருக்கிறது. அழுகை வரவில்லை.

நாள் 44. காலை 9.00
சேவியர்: "பக்கத்துல வந்துருச்சுக்கா. கொஞ்சம் பொறுத்துக்குங்க."
சரி தம்பி என்றேன். பாவம், வேறென்ன சொல்வது.

நாள் 45.
நாள் முழுக்கப் படுத்திருந்தேன். காய் சிவக்கிறது.

நாள் 46.
காய் வெடித்தது. விதை மூன்று, கறுப்பு. விளக்கத்தில் சேர்க்கவும்.

இதைக் கண்டெடுப்பவருக்கு. பதிவில் ஒரு பிழை. இதழ் ஐந்து இல்லை, ஆறு. இன்றும் எண்ணினேன். திருத்தவும்.

தேதியில் திருத்தம் இல்லை.