இரண்டாவது சாட்சி

1975 மே 19, திங்கள்

இன்று நெத்திலி ஏகப்பட்டது. அவித்து உலர்த்தி நிமிர்வதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. அந்த நேரம் பார்த்து கொட்டகை வாசலில் மிட்சுயே. இருபது வருஷம் இருக்குமா பார்த்து? இந்த வெயிலிலும் கழுத்துவரை மூடிய சட்டை. அந்தத் தழும்பு எனக்குத் தெரியும்.

"அடியே ஹிசா, உன் தலையில ரெண்டு நெத்திலி ஒட்டிக்கிட்டிருக்கு. வித்தா ஒரு வேளை சோத்துக்கு ஆகும்" என்றாள். மாறவேயில்லை.

ரத்தத்தில் ஏதோ கோளாறாம். குண்டு விழுந்த அன்றைக்கு ஹிரோஷிமாவில் இருந்தவர்களுக்கு அரசாங்கம் ஒரு கைப்புத்தகம் தருகிறது. அதைக் காட்டினால் பெரிய ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியம். அதைக் கேட்டு மனு போட்டிருக்கிறாளாம், அதற்கு இரண்டு சாட்சி வேண்டும். சொந்தக்காரர்கள் கூடாது. அவளைத் தூக்கிப்போய்ப் படுக்க வைத்த வீட்டுக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்னொன்று நான்.

"நம்ம வகுப்புல வேற யாருடி மிச்சம்? ரெண்டு பேரும் தண்ணி எடுக்கக் கிடங்குக்குப் பின்னால போனோம், பொழைச்சோம். அத எழுதி ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

ஆகட்டும், பார்க்கலாம் என்றேன். இன்னொருத்தியாக இருந்தால் பேனாவைத் தேடியிருப்பாள்.

மே 20

தூக்கமில்லை. குண்டு விழுந்த அன்றே அம்மா என்னைப் படகில் தீவுக்குக் கொண்டுவந்து, பெண் தூரத்து ஊரான ஓனோமிச்சியில் மாமா வீட்டில் இருந்தாள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். என் கணவர் சாகும்வரை அதைத்தான் நம்பினார். மகள் யோரிகோவும் அதைத்தான் நம்புகிறாள். இப்போது அவளுக்கு வரன் வந்திருக்கிறது. பிள்ளை வீட்டார் ஆள் வைத்து அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார்கள். நான் கையெழுத்துப் போட்டால் கைப்புத்தக அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். இந்தத் தீவில் தபால்காரர் ஒரு உறையைத் தொட்டால் ஊருக்கே தெரியும். குண்டு பட்டவளின் மகளை யார் எடுப்பார்கள்?

ஜூன் 8, ஞாயிறு

பிள்ளையின் அப்பா குரிஹாரா வந்திருந்தார். நல்ல மனிதர். சாக்கே மது உள்ளே போனதும் பழைய கதை. பத்தொன்பது வயதில் கியூஷு கடற்கரையில் குழி தோண்டிக்கொண்டிருந்தாராம். அமெரிக்கர் இறங்கினால் வெடியைக் கட்டிக்கொண்டு டாங்கிக்கு அடியில் பாய வேண்டும் என்று உத்தரவு.

"அந்தக் குண்டு விழலேன்னா நான் இல்ல, இந்தப் பய இல்ல, இந்தக் கல்யாணமும் இல்ல. பாவந்தான், இல்லேங்கல. ஆனா சண்டை நின்னுச்சுல்ல, சம்பந்தி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமாங்க, நின்னது நல்லதாப் போச்சு" என்று சொல்லி மீன் தட்டை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் பிழைத்ததால்தான் என் மகளுக்கு அந்தப் பையன். ஆனால் நான்— நான் எப்படி அதைச் சொன்னேன்? என் வாய்தானா அது? சீ.

ஜூலை 13, ஞாயிறு

படகேறி மிட்சுயே வீட்டுக்குப் போனேன். தனி அறை, ஜன்னலோரம் படுக்கை. இளைத்திருக்கிறாள். அக்டோபரில் கல்யாணம், அது முடிந்த மறுநாளே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மூணு மாசந்தானே? முப்பது வருஷம் ஓட்டியாச்சு. கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டுத் தொலைக்காதே. என் கழுத்தைப் பார்த்துட்டு நாலு கேள்வி வரும்."

குரிஹாரா சொன்னதையும் சொன்னேன், ஏனோ. சிரித்தாள்.

"அவர் பொழைச்சது நல்லதுதான்டி. நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்? ஆனா அவரைக் காப்பாத்தறதுக்கு நம்மள எரிக்கலாமான்னு நம்மள யாராவது கேட்டாங்களா? நம்ம வகுப்புல முப்பத்தெட்டு பேரு. ஒருத்தியையாவது கேட்டிருக்கலாம்."

பிறகு என் பதிலைப் பற்றிக் கேட்டாள். நீ என்ன சொன்னே? ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அதுவும் பொய்.

ஆகஸ்ட் 6

குண்டு விழுந்த எட்டே காலுக்கு ரேடியோவை அணைத்துவிட்டு நெத்திலியைக் கிளறினேன்.

அக்டோபர் 24, வெள்ளி

மிட்சுயே நேற்று போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்களாம். புத்தகம் வரட்டும், வந்ததும் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

அடக்கம் நாளை. நாளை மறுநாள் கல்யாணம். சுப காரியத்தை வைத்துக்கொண்டு சாவு வீட்டுக்குப் போகக்கூடாது. எனக்கு எவ்வளவு வசதியான வழக்கம்!

அடியே, மூணு மாசம்னு சொன்னேனே. நீயும் சரின்னியே. ஏன்டி சரின்னே?

அக்டோபர் 26

கல்யாணம் நன்றாக நடந்தது. யோரிகோ அழகாக இருந்தாள். நான் அழுதேன், பெண்ணைப் பெற்றவள் அழுகிறாள் என்று எல்லோரும் தேற்றினார்கள்.

நவம்பர் 17, திங்கள்

கைப்புத்தக அலுவலகத்துக்குப் போனேன். செத்த பிறகாவது அவள் பெயர் பதியட்டும் என்று சாட்சி எழுதி எடுத்துப்போனேன். இளம் குமாஸ்தா மரியாதையாகத்தான் பேசினான்.

"மன்னிக்கணும் அம்மா, மனு போட்டவங்க இறந்துட்டா ஃபைலை மூடிடுவோம்."

என் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தான். "அப்போ நீங்களும் அங்க இருந்திருக்கீங்க. உங்களுக்குப் புத்தகம் இருக்கா? இல்லேன்னா எழுதிக் குடுங்க. உங்களைப் பார்த்தவங்க யாரு?"

மூடிய ஃபைலைக் காட்டினேன்.

முப்பது வருஷமாக நான் அங்கே இல்லை என்று சொல்லிவந்தேன். இப்போது இருந்தேன் என்று சொல்ல ஆளில்லை. படகில் காற்று பலமாக அடித்தது. சால்வையை எடுத்துப்போக மறந்திருந்தேன்.

1976 பிப்ரவரி 12, வியாழன்

யோரிகோ போன் செய்தாள். இரண்டு மாதமாம். மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"டாக்டர் என்னென்னமோ கேட்டார்மா. வீட்டுல யாராவது அன்னிக்கு ஹிரோஷிமாவுல இருந்தாங்களான்னுகூட. யாரும் இல்லைன்னுட்டேன். சரிதானே?"

சரி என்று ஒரு சொல் போதும். நாக்கு நுனிவரை வந்தது. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"இல்லடி. நான் இருந்தேன். நானும் மிட்சுயேவும் இருந்தோம்."

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டே கேட்டாள்.

"மிட்சுயேன்னா யாரும்மா?"