முதல் எழுதினதைக் கொண்டு வா

சித்தப்பா,

புதிய பல்கலைக்கழகத்தில் பதிவதற்காக இன்று காலை சான்றிதழ்க் கோப்பைத் திறந்தேன். பிறப்புச் சான்றிதழுக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் நடுவில் உங்கள் பெருவிரல் அடையாளம் இருந்தது. என் கட்டுரையின் ஓரத்தில், கறுப்பாக. கை கழுவிவிட்டுத்தான் அன்று தாளைத் தொட்டீர்கள். மெரிலேண்ட்ஸ் டயர் கடைக் கறுப்பு ஒரு கழுவலில் போவதில்லை.

ஒரே ஒரு வசனத்தை மூன்று முறை வெட்டியிருந்தீர்கள். என் மனம் மாறிவிட்டது என்ற வசனம்.

பார்மசி படித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு மாறிக் கணிதம் படிக்க வேண்டும். ஏன் மாறுகிறீர்கள், ஐந்நூறு சொற்களில் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். என் மதிப்பெண்கள் மட்டும் போதாது. கட்டுரை சரிவராவிட்டால் பார்மசிதான். நான் வெறுத்த அதே ஆய்வுகூடம், இன்னும் இரண்டு வருடம். அதனால்தான் உங்களிடம் காட்டினேன். எங்கள் கிரவீன் வீட்டில் அதிகம் விண்ணப்பம் எழுதியவர் நீங்கள்.

குசினி மேசையில் அகராதியை வைத்துக்கொண்டு முழுவதும் வாசித்தீர்கள்.

"பிள்ளை, முதல் எழுதினதைக் கொண்டு வா."

"எந்த முதல்?"

"பார்மசிக்கு எழுதினது. அப்பவும் ஒண்டு எழுதினனியெல்லே."

இரண்டையும் அருகருகே வைத்து அடிமட்டத்தை வரி வரியாக இறக்கினீர்கள். சின்ன வயதிலிருந்தே பார்மசிஸ்ட் ஆக ஆசை என்று அந்தக் கட்டுரை தொடங்கும். பதினேழு வயதில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம்.

"எடி விசரி! அங்க சின்னனில இருந்து ஆசை எண்டு போட்டிருக்கிறாய். இங்க மனம் மாறிட்டுது எண்டுறாய். பிடிச்சுப்போடுவாங்கள்."

"சித்தப்பா, இது யூனி. இமிக்ரேஷன் இல்லை."

"கேக்கிறவன் எல்லாம் ஒருத்தன்தான். முதல் பேப்பரை எறியமாட்டாங்கள்."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தார். "தம்பி, அவளை விடும். இதென்ன உம்மட கேஸே?"

"அண்ணி, நீங்கள் சும்மா இருங்கோ. ஒரு வசனம் மாறினதாலதான் நான் இன்னும் டயர் மாத்திறன்."

பிறகு எனக்கொரு வழி கண்டுபிடித்தீர்கள். "மருந்து அளக்கிறதும் கணக்குத்தானே. சின்னனில இருந்து கணக்கில விருப்பம், அதாலதான் பார்மசி எடுத்தனான் எண்டு போடு. ரெண்டும் பொருந்தும்."

பொருந்தும். வடிவாகப் பொருந்தும். ஆனால் உண்மை இல்லை. எனக்குக் கோபம் வந்தது.

"எனக்கு ஒளிக்க ஒண்டும் இல்லை, சித்தப்பா."

பேனையை மூடினீர்கள்.

"எனக்கும் இருக்கேல்லை, பிள்ளை."

காலையில் இரண்டு கட்டுரைகளும் ஒன்றாகப் பின் அடிக்கப்பட்டு என் கதவடியில் கிடந்தன. நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று நினைத்தேன். பிறகு வார இறுதிக்கு என்று நினைத்தேன். அதற்குள், கடையில் ஒரு காரைத் தூக்கி நிறுத்திவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்த நீங்கள் எழும்பவில்லை.

அதன் பிறகுதான் உங்கள் அகதி விண்ணப்பத்தை நிராகரித்த கடிதத்தை வாசித்தேன். பதினான்கு பக்கம். கேட்டுக் கேட்டுப் பழகிய கதை, வாசித்தது அன்றுதான்.

முதல் அதிகாரி கேட்டிருக்கிறார்: ஊரில் உங்களைப் பிடிக்க வந்த அன்று, வீட்டுக்குள் எத்தனை பேர் வந்தார்கள்? இரண்டு பேர். இரண்டு வருடம் கழித்து வேறொருவர்: அன்று எத்தனை பேர் வந்தார்கள்? மூன்று பேர். ஒருவன் வாகனத்தை விட்டு இறங்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அதுவும் அங்கே பதிவாகியிருக்கிறது. பதிந்துவிட்டு அடுத்த வரியில் எழுதுகிறார்கள்: கூற்று மாறியிருக்கிறது, ஆகவே நம்புவதற்கில்லை.

இரண்டும் ஒன்றும் மூன்று. இதற்குப் பல்கலைக்கழகம் தேவையில்லை.

அந்த ஒரு பந்திக்காகப் பதினொரு வருடம் மேல்முறையீடு, மீளாய்வு, காத்திருப்பு. அப்பம்மாவின் செத்தவீட்டைப் போனில் பார்த்தீர்கள். கடைசியில் நீங்கள் இறந்ததால் கோப்பு மூடப்பட்டது என்று இரண்டு வரி வந்தது. அந்தக் கடிதத்தில் ஒரு முரணும் இல்லை. மிகத் திறமாக எழுதியிருந்தார்கள்.

கட்டுரையை அனுப்ப நான்கு நாள்தான் இருந்தது. கூடப் படித்த ஒருத்தி சொன்னாள்: "உன்ர சித்தப்பாவைப் போடு. கட்டாயம் எடுப்பாங்கள்." பதினான்கு பக்கத்தில் நம்பாமல் விட்ட மனிதரை ஐம்பது சொற்களில் இரக்கத்துக்கு விற்கச் சொல்கிறாள். அவளோடு இன்னும் கதைப்பதில்லை.

உங்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. நீங்கள் வெட்டிய வசனத்தைத் திரும்ப எழுதினேன். அதன் கீழே: முன்பு வேறு மாதிரி எழுதினேன். அன்று எனக்குத் தெரிந்தது அது. இன்று தெரிவது இது.

பயந்துகொண்டுதான் அனுப்பினேன். அந்தப் பயம் நீங்கள் தந்தது.

எடுத்துவிட்டார்கள். கடிதத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: மனம் மாறியதை நீங்கள் நேர்மையாக விளக்கிய விதம் எங்களைக் கவர்ந்தது. என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விசாரணை அறையில் இருத்தவில்லை. பழைய தாளை எடுத்துப் பார்த்ததாகவும் தெரியவில்லை. மாறியது எனக்கு முதிர்ச்சி. ஒன்றுமே மாறாத உங்களுக்கு அது முரண். ஒரே நாடு, ஒரே ஆங்கிலம்.

அம்மா கடிதத்தைச் சாமிப்படத்தடியில் வைத்தார். எனக்குக் கிழித்தெறிய வேண்டும் போலிருந்தது. கிழிக்கவில்லை. எனக்கு அந்த இடம் வேண்டும்.

இன்று மத்தியானம் பதியப் போனேன். இதை வீடு திரும்பும் ரயிலில் எழுதுகிறேன். பதிவு மேசைக்குப் பின்னால் என் வயதுப் பெண் ஒருத்தி. மாணவர் அட்டை அச்சாகும் வரை பேச்சுக்குக் கேட்டாள்: ஏன் மாறினாய்?

பதில் சொல்லுமுன் என் கை பைக்குள் போய்விட்டது. பின் அடித்த இரண்டு கட்டுரைகள். உங்கள் பெருவிரல்.

கணிதம் பிடிக்கும் என்றேன். நல்லது என்றாள். அட்டையைத் தந்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

முதல் எழுதினதை அவள் கேட்கவில்லை, சித்தப்பா. நான் கொண்டுதான் போயிருந்தேன்.