தாதி வசந்தமலர் தந்த குளிசைகள்

அனுப்புநர்:
மீராசாகிபு சனூன்,
மீள்குடியேற்ற வீட்டுத்திட்டம்,
வெள்ளாப்பாடு, முசலி.

பெறுநர்:
சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கள்,
மன்னார்.

விடயம்: வெள்ளாப்பாடு கிராமிய வைத்தியசாலைத் தாதி உத்தியோகத்தர் செல்வி வசந்தமலர் மீதான விசாரணையில் நான் கொடுத்த வாக்குமூலத்தைத் திருத்துதலும், புற்றுநோய் வலிக்கான மருந்தை அங்கு இருப்பில் வைக்கக் கோருதலும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் வெள்ளாப்பாட்டில் பிறந்த கடற்றொழிலாளி. 1990இல் ஊரை விட்டுப் புத்தளத்துக்குப் போய், யுத்தம் முடிந்த பின் மனைவி ஸுஹறாவுடன் திரும்பி வந்தேன். பற்றை வெட்டித் தகரக் கொட்டிலில் இருந்து, பிறகு வீட்டுத்திட்டத்தில் வீடு பெற்றேன். சென்ற வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து சில வாரங்களில் உடம்பெல்லாம் அரிப்பெடுத்துக் கடி தாங்க முடியவில்லை. கண்ணும் தோலும் மஞ்சளாயின. கணையத்தில் புற்றுநோய் என்றும், வெட்டி எடுக்கும் நிலை கடந்துவிட்டது என்றும் கொழும்பில் சொன்னார்கள். அடைபட்ட பித்தக் குழாயைத் திறப்பதற்கு, வாய் வழியாகக் கருவி விட்டு உள்ளே ஒரு சிறு குழாயை வைத்து அனுப்பினார்கள்.

2. சில நாட்களில் மஞ்சள் இறங்கியது. கடியும் நின்றது. ஸுஹறா என் முகத்தைப் பார்த்து, "கண் வெளுத்திட்டு, அல்ஹம்துலில்லாஹ். இனிப் பயமில்ல" என்றாள். ஊராரும் அப்படியே நம்பினார்கள். ஆனால் அந்தக் குழாய் மஞ்சளை எடுத்ததே தவிர வலியை எடுக்கவில்லை. மேல் வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைத்துக்கொண்டு போகும் வலி அது. நிமிர்ந்து படுக்க முடியாது. ஸுஜூதில் இருப்பதுபோல் முன்னே குனிந்து கிடந்தால் கொஞ்சம் தணியும். அதைக் கண்ட அயலவர்கள் நான் தொழுகையில் ஆழ்ந்துவிட்டேன் என்று மதித்தார்கள். அந்த மதிப்பை நான் மறுக்கவில்லை. கொழும்பு கிளினிக்கில் வலிக்குத் தந்த மோர்பின் குளிசைதான் என்னை நடக்கவும் ஒரு பிடி சோறு தின்னவும் வைத்தது.

3. மார்கழி வெள்ளத்தில் வீதி மூடப்பட்டதால் கிளினிக் போக முடியவில்லை. குளிசை முடிந்தது. வலியில் நான் ஸுஹறாவை வாயில் வரக்கூடாத வார்த்தைகளால் ஏசினேன். அவள் ஊட்ட வந்த கஞ்சியைத் தட்டிவிட்டேன். அப்படியும் அவள்தான் அயல்வீட்டு உழவு இயந்திரத்தில் என்னை ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனாள். விடுமுறையில் போன வைத்தியர் வெள்ளத்தின் அக்கரையில் அகப்பட்டிருந்தார். தொலைபேசியும் வேலை செய்யவில்லை. கடமையில் இருந்தவர் தாதி வசந்தமலர். பனடோல் தந்து ஊசி ஒன்றும் போட்டார். அவற்றுக்கு வலி கேட்கவில்லை.

4. வைத்தியசாலை வாட்டின் மருந்து அலுமாரியில் மோர்பின் இருந்தது. தொண்டைப் புற்றுநோயால் காலமான சிங்கராசா என்பவரின் குடும்பத்தார், மிஞ்சிய குளிசைகளை ஒப்படைத்திருந்தார்கள். அவை மன்னாருக்குத் திருப்பி அனுப்பப்பட வேண்டியவை. அந்த வீட்டார் சொல்லி அதை அறிந்திருந்த நான் கேட்டேன். அவர் மறுத்தார். அண்ணன் முறை வைத்து அழைத்து, "நானா, இது உங்கட பேருக்கு வந்த மருந்தில்லை. டொக்டர் சொல்லாமல் நான் தரேலாது" என்றார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "தராட்டி நான் கடலுக்குள்ள இறங்கிருவன் மிஸ். என்ட மௌத்து உங்கட தலையில" என்றேன். வலிக்காரன் உளறினான் என்று தாங்கள் எடுத்துக்கொள்ளலாம். நான் உளறவில்லை. அவரைப் பயமுறுத்தவே அப்படிச் சொன்னேன்.

5. அவர் என் கிளினிக் அட்டையை வாங்கி, கொழும்பில் எழுதிய அளவைப் பார்த்து, அதே அளவு தந்து, தந்ததை வாட்டுப் புத்தகத்திலும் பதிந்தார். வீதி திறக்கும்வரை தேவையான குளிசைகளை ஸுஹறாவிடம் ஒப்படைக்கும்போது, "வலி வந்தாப்பிறகு குடுக்கிறதில்லை அக்கா. நேரத்துக்கு நேரம் குடுக்கவேணும். மலம் இறுகும், அதுக்கும் மருந்து தாறன். காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தால், இல்லாட்டி கண் திரும்ப மஞ்சளானால் உள்ள வைச்ச குழாய் அடைச்சிட்டுது எண்டு அர்த்தம். உடன கொண்டுவாங்கோ" என்று சொல்லிக் கொடுத்தார். எங்களுக்கு விளங்கும்படி ஒருவர் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. அன்று நான் நிமிர்ந்து படுத்தேன்.

6. தை மாதம் அரச உத்தியோகத்தர்கள் ஊருக்கு வந்து பாடசாலையில் நடத்திய நடமாடும் சேவைக்கு நானும் போனேன். யாரும் கேட்காமலே ஒலிவாங்கியை வாங்கி, "ஆஸ்பத்திரியில மருந்தில்லாத நேரம், மௌத்தாப்போன ஒருத்தரின்ட குளிசையை எடுத்துத் தந்து என்னை மனிசனாக்கினது இந்தப் புள்ளதான்" என்று மருத்துவ மேசையில் இருந்த அவரைக் காட்டினேன். சனம் கை தட்டியது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்படுகிறார் என்று நினைத்து இன்னும் இரண்டு வார்த்தை கூட்டிச் சொன்னேன்.

7. அதன் பிறகே விசாரணை வந்தது. என் வீட்டுக்கு வந்த உத்தியோகத்தர், "நீங்கள் கேட்டீங்களோ, அவ தானாத் தந்தவவோ?" என்று வினவினார். உள்ளதைச் சொன்னால் கிளினிக்கில் தரும் என் குளிசையும் நிற்பாட்டப்படும் என்று பயந்தேன். ஐயா, வலி திரும்பி வரும் என்ற பயம் வலியிலும் கொடியது. "அவவாத்தான் தந்தா" என்றேன். ஸுஹறா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

8. இப்போது செல்வி வசந்தமலர் மருந்து அலுமாரியைத் தொடக்கூடாது என்று வெளிநோயாளர் பகுதியில் இலக்கத் துண்டு கொடுக்க வைக்கப்பட்டிருக்கிறார். மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் வாய் திறக்க முன்னர் அவர், "காய்ச்சல் ஏதும் வந்ததோ நானா?" என்று விசாரித்தார். "இல்ல மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். சென்ற வாரம் மார்பில் புற்றுநோய் உள்ள ஒரு பெண்ணை வலியோடு கொண்டுவந்தார்கள். விசாரணைக்குப் பயந்து ஒருவரும் ஒன்றும் கொடுக்கவில்லை. மன்னாருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பள்ளமும் திட்டியுமான அந்த வீதியில் ஆட்டோவில் போகும் அவளுடைய சத்தத்தை நான் என் வாசலில் இருந்து கேட்டேன். அதற்கும் காரணம் என் வாய்தான்.

9. இந்த மருந்துக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. இந்தக் கரையோரத்தில் போதைப்பொருள் செய்யும் அழிவைக் கண்டவர்கள் நாங்கள். ஆயினும் சட்டத்துக்கு உட்பட்டு இந்த மருந்து எங்கள் வைத்தியசாலையில் இருந்திருந்தால், அந்தப் பிள்ளை சட்டத்துக்கும் என் கூச்சலுக்கும் நடுவில் நிற்க நேர்ந்திராது.

ஆகவே ஐயா, முன்னர் நான் கொடுத்த வாக்குமூலம் பொய்யென்று பதிவு செய்யுமாறும், குளிசையை மிரட்டிக் கேட்டுப் பெற்றவன் நானே என்பதைக் கருத்தில் எடுத்துச் செல்வி வசந்தமலரை மீண்டும் வாட்டுக் கடமையில் அமர்த்துமாறும், வலி மருந்தை வைத்தியரின் பொறுப்பில் வெள்ளாப்பாட்டில் இருப்பில் வைக்க ஒழுங்கு செய்யுமாறும் தாழ்மையுடன் வேண்டுகிறேன். இதனால் எனக்கு வரும் மருந்து தடைப்படுமானால் அதற்கும் நான் சம்மதம்.

விசாரணையில் அவருக்கு முன்னால் நின்று உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நாள் குறித்துத் தாருங்கள். என் நிலைமை தங்களுக்குத் தெரியும். அந்த நாள் கிட்டியதாக இருக்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் கருணையை நாடும்,
மீ. சனூன்
(ஒப்பம்)

இடம்: வெள்ளாப்பாடு
திகதி: 09.03.2015